‘இல்லை’ நோட்டு: கிளை நூலகத்தில் நெடுநாள் வைத்துப் பார்த்ததில்

வாசகர் தேவையை அறிய ஆலோசனைப் பெட்டி போதாது. அதில் விழுபவை பெரும்பாலும் தினமும் வருகிற நாலைந்து பேரின் சீட்டுகள். கேட்டது கிடைக்காதவர் எழுதிப் போட நிற்பதில்லை, போய்விடுகிறார். அவருக்காகத்தான் ‘இல்லை’ நோட்டு: கேட்டும் கிடைக்காததை நூலக ஊழியரே குறித்து வைப்பது.

சாதாரண நோட்டு, நாலு கட்டம்: தேதியும் நேரமும், கேட்டவர் சொன்னது, விசாரித்ததில் தெரிந்தது, கொடுத்தது. இரண்டாவது கட்டத்தில் அவர் வாயில் வந்ததை அப்படியே எழுத வேண்டும். எழுதுபவர் எல்லாவற்றையும் "பொது அறிவு" என்று சுருக்கினால், மாதக் கடைசியில் எதை வாங்குவதென்றே தெரியாது. பெயரும் உறுப்பினர் எண்ணும் வேண்டாம். நோய், வழக்கு பற்றிக் கேட்க வந்தவர் அதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்றாவது கட்டம்தான் இந்த நோட்டின் உயிர். "குரூப் 4 புக் இருக்கா?" என்றால் உடனே கைடை நீட்டாமல், "எந்தப் பகுதி படிக்கிறீங்க?" என்று கேட்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அந்த அரசுப் பணித் தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே பலருக்கு வேண்டியது 6 முதல் 10ஆம் வகுப்பு வரையான தமிழ்ப் பாடநூல்கள். இரண்டு செட்டை மேசையருகே வைத்தாலே கைடுக்கான நெருக்கடி தணியும். பழைய பாடத்திட்டப் புத்தகங்களைத் தனியே கட்டி வைக்கவும், கலந்தால் குழப்பம்.

நோட்டின் பலவீனம் மாலை நேரம். கூட்டத்தில் எழுத ஆளிருக்காது. பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து மாலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் இரண்டாவது கட்டம் மட்டும் எழுதினால் போதும்.

வீட்டுக்கு எடுத்துப் போன புத்தகங்களைக் குறிக்கும் வழங்கல் பதிவேடும் பாதி உண்மைதான் சொல்லும். குறிப்புதவி நூல்கள் வெளியே போவதில்லை. "படித்ததை மேசையிலேயே வையுங்கள்" என்று பலகை மாட்டி, வாரம் ஒருநாள், கிழமையை மாற்றி மாற்றி, அடுக்குமுன் வகைப்பாட்டு எண் (புத்தகத்தின் பொருளைக் காட்டும் எண்) வாரியாகக் கோடு போட்டு எண்ணலாம். நல்ல மனசுக்காரர்கள் தாங்களே அலமாரியில் செருகிவிடுவதால் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே வரும். வாரத்துக்கு வாரம் ஒப்பிட மட்டுமே உதவும். புத்தகத்தில் ஒட்டிய, வழங்கும்போது தேதி குத்தும் சீட்டு காலி, ஆனால் பக்க ஓரம் நைந்திருக்கிறது என்றால் அந்தப் புத்தகத்தைக் கழிக்காதீர்கள்.

சொந்தப் புத்தகத்தோடு உட்காருபவர்களையும் எண்ணுங்கள். அவர்களுக்குத் தேவை மின்விசிறி, பிளக் பாயிண்ட், நாற்காலி. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. கிளை நூலகத்தில் ஒரு மேசையாவது ஒதுக்கலாம்.

கிளை நூலகம் நினைத்ததும் புத்தகம் வாங்கிவிட முடியாது. மூன்று முறைக்கு மேல் கேட்கப்பட்டவற்றை மாதாமாதம் மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதுங்கள். அதே பட்டியலை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்திலும் வாசித்துவிடுங்கள், புத்தகம் தர நினைப்பவர்களுக்கு எது வேண்டுமென்று தெரியும். இல்லாவிட்டால் நன்கொடையாக வருவது வீடு காலி செய்பவரின் பழைய வார இதழ் மூட்டைதான்.