சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் கார் வச்சிருக்கிறாக்கள் கவனம்: "சிப் போட்டா 230 டோர்க்" எண்டு என்னை ஏமாத்திப்போட்டாங்கள்

என்ர 45 ஆயிரம் போட்டுது, உங்கட காசும் போகக்கூடாது எண்டுதான் எழுதுறன்.

என்ரது ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில 32எஸ் எண்டுற மொடல். ஜப்பானில 2011 கடைசியில வந்தது, 1.6 லீற்றர் எஞ்சின், டர்போ இல்லை. போன மாசம் கூட்டாளின்ர 33எஸ்ஸை, அதுக்குப் பிறகு வந்த மொடல், ஆனையிறவு வரைக்கும் ஓடிப் பாத்தன், அது 2017 மொடல், 1.4 டர்போ, பவர் பாத்தா என்ரது 136 குதிரைவலு அவன்ரது 140, பெரிய வித்தியாசமே இல்லை, ஆனா லொறி ஒண்டை விலத்தேக்க கியர் குறைக்காமலே காலை வச்ச உடன இழுத்துக்கொண்டு போகுது. அந்த இழுவை (இதைத்தான் டோர்க் எண்டுறது, நியூற்றன் மீற்றரில அளக்கிறது) மனசுக்க நிண்டிட்டுது.

பிறகு ரவுணுக்க வாகனச் சாமான் விக்கிற ஒரு கடையில விசாரிச்சன். "தம்பி, இந்தச் சிப்பைக் கொழுவினா உங்கட 160 டோர்க் 230க்கு வந்திடும், 33எஸ் மாதிரியே ஓடும்" எண்டு சொல்லி ஒரு டைனோ கிராஃபும் (எஞ்சின் எந்த வேகத்தில சுத்தேக்க எவ்வளவு டோர்க் எண்டு மெசினில அளந்து கீறின படம்) தந்தவர். ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கிற ஸ்கேனர் கொழுவுற இடத்தில ஒரு சின்னப் பெட்டி, மூண்டு லைட் மின்னும், அவ்வளவுதான்.

ஒரு மாற்றமும் இல்லை. "அண்ணை, முந்தின மாதிரித்தானே ஓடுது" எண்டு கோல் எடுத்தா, "500 கிலோமீற்றர் ஓடுங்கோ தம்பி, ஈசியூ பழகோணும்" எண்டார். ஈசியூ எண்டது எஞ்சின் கம்ப்யூட்டர். அதையும் நம்பி ரெண்டு தரம் வவுனியா போய் வந்தனான். பெற்றோல் காசு வேற.

கடைசியில நெல்லியடியில ஃபோன் திருத்துற மச்சானிட்ட குடுத்துக் கழட்டினம். உள்ள விரல் அகல போர்ட் ஒண்டு, லைட்டுகள், ஒரு பட்டன். ஸ்கேனர் கொழுவுற பிளக்கில எஞ்சின் கம்ப்யூட்டரோட கதைக்கிறது 6ஆம், 14ஆம் ஊசியள், அந்த ரெண்டில இருந்தும் ஒரு லைனும் போகேல்லை. பவர் மட்டும் லைட்டுக்குப் போகுது.

அண்டு இரவு அந்த கிராஃபைத் திருப்பி விரிச்சுப் பாத்தன். கோடு 2500 ஆர்பிஎம்மில (எஞ்சின் நிமிசத்துக்கு எத்தினை தரம் சுத்துது எண்டுற கணக்கு) ஏறி 3500 வரைக்கும் மேசை மாதிரி மட்டமா கிடக்கு. அது 33எஸ் கொம்பனியால வரேக்கயே இருக்கிற டோர்க்! எங்கட 32எஸ்ஸுக்கு உச்சம் 4400-ல, அதுவும் 160தான். டர்போ இல்லாத எஞ்சின் தானா இழுக்கிற காத்துக்கு லீற்றருக்கு 100 நியூற்றன் மீற்றர் சொச்சம்தான் தரும், எங்கட 1.6 அந்த அளவுக்கு ஏற்கெனவே வந்திட்டுது. 33எஸ்ஸில டர்போ காத்தை அமத்தி உள்ள தள்ளுது, அதாலதான் சின்ன எஞ்சினும் 230 குடுக்குது, காரும் 970 கிலோதான், என்ரதை விட 80 கிலோ குறைவு. நல்ல ரீமப் (ஈசியூவின்ர புரோகிராமை மாத்துறது) செய்தாக்கூட டர்போ இல்லாததில கொஞ்சம்தான் கூடும், 70 கூடவே கூடாது.

கடைக்குப் போனன். "பெட்டியைத் திறந்திட்டியள், காசு தரேலாது" எண்டிட்டார். பில்லில கடைப் பேரும் இல்லை, சீலும் இல்லை, தேதி மட்டும் பேனையால எழுதிக் கிடக்கு.

உங்களிட்டயும் இப்பிடி கிராஃப் நீட்டினா முதல் கீழ் வரியில ஆர்பிஎம்மைப் பாருங்கோ. 32எஸ்ஸுக்கு 2500-ல உச்சம் காட்டினா சாவியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ.