3,000 லூமன் என்று அச்சிட்ட பாக்கெட் டார்ச் லைட்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இணையக் கடைகளில் ‘பாக்கெட் டார்ச் லைட்’ என்று தேடினால் முதல் வரிசையிலேயே வந்து நிற்கும் ஒரு வகை விளக்கைப் பற்றியும், அதை விற்றவர் என்னை அலைக்கழித்த விதத்தைப் பற்றியும் எழுதுகிறேன். ஒரே விளக்கு பல பெயர்களில், பல விற்பனையாளர்களிடம் கிடைப்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை வைத்தே அதை அடையாளம் காண வேண்டும்.

இரவு முறையில் மும்முனை மின்சாரம் வரும் நாட்களில் மோட்டார் போட வரப்பில் நடந்து போகிறவன் நான். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கக்கூடிய சிறிய விளக்கு ஒன்று தேவைப்பட்டது. கடைசியில் இரண்டு விளக்குகள் தேர்வில் நின்றன. ஒன்று, சாதாரண ‘ஏஏ’ பேட்டரியையும் அதே பருமனுள்ள 14500 லித்தியம் செல்லையும் ஏற்கும் விரல் நீள விளக்கு. லித்தியம் செல்லில் அதிகபட்சம் 550 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்றும், அந்த வெளிச்சம் சில நிமிடங்களில் தானே குறையும் என்றும் தயாரிப்பாளரே அட்டையில் எழுதியிருந்தார். மற்றொன்று 18650 செல்லில் இயங்குவது: 3,000 லூமன், பேட்டரிக் கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர்-ஹவர், ஒரு கிலோமீட்டர் வீச்சு, விலையோ முன்னதில் பாதி. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல், 14500 செல்லைவிட மூன்று நான்கு மடங்கு மின்சாரத்தைத் தாங்கும் என்பது உண்மைதான். அந்த உண்மையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் மற்ற பொய்கள் அனைத்தும் விற்பனையாகின்றன.

முதலில் பேட்டரியைப் பற்றிச் சொல்கிறேன். பானசோனிக், எல்ஜி, சாம்சங் போன்ற பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக விற்றுவரும் 18650 செல்களிலேயே உச்சக் கொள்ளளவு 3,500 முதல் 3,600 மில்லி ஆம்பியர்-ஹவர் வரைதான். அந்த உருளைக்குள் 9,900 அடங்காது. நல்ல செல் ஒன்றின் எடை 45 கிராமுக்கு மேல் இருக்கும். எனக்கு வந்ததை நகைக்கடைத் தராசில் வைத்தபோது 31 கிராம்தான் காட்டியது. முழுதாக ஏற்றி, அளவுமானியுள்ள சார்ஜரில் போட்டு இறக்கிப் பார்த்ததில் 1,100க்குச் சற்று மேல் வந்தது. அதாவது, அளவில் பாதியாக இருந்தும், 14500 செல்லே ஏறத்தாழ இந்த அளவு மின்சாரத்தைத் தந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். பின்மூடியைக் கழற்றி, செல்லின் அடிப்பக்கத்துக்கும் விளக்கின் உடல் விளிம்புக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்து அளந்தபோது, உச்ச நிலையிலேயே 1.3 ஆம்பியர்தான் ஓடியது. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஐந்து வாட்டைக்கூட எட்டவில்லை. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமன் தரும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 500 லூமனைத் தாண்டாது. 3,000 லூமன் வேண்டுமானால் முப்பது வாட் அளவுக்கு மின்சாரம் பாய வேண்டும். உள்ளங்கை அளவுள்ள அலுமினிய உடலில் அந்தச் சூடு ஓரிரு நிமிடங்களில் கையில் பிடிக்க முடியாத நிலைக்கு வந்துவிடும் என்பதால், உண்மையிலேயே அவ்வளவு வெளிச்சம் தரும் விளக்குகள்கூட விரைவில் தம்மைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. இந்த விளக்கு சூடேறவே இல்லை; அதை விளம்பரத்தில் சிறப்பம்சமாகப் போட்டிருந்தார்கள் என்பது தனி வேடிக்கை.

பயன்பாட்டில் வந்த தொல்லை இதைவிடப் பெரிது. பொத்தானை அழுத்த அழுத்த உச்சம், நடுத்தரம், குறைவு, படபடவென்று வெட்டும் ஒளி, ஆபத்துச் சைகை என்று ஐந்து நிலைகள் சுற்றி வருகின்றன. குறைந்த வெளிச்சத்தில் இருந்து உச்சத்துக்குப் போக வேண்டுமென்றால் இடையில் அந்த வெட்டொளியைக் கடந்தாக வேண்டும். காலடியில் ஏதோ நெளிகிறது என்று தோன்றும் நொடியில் கண்ணைக் கூசவைத்து ஒன்றுமே தெரியாமல் செய்யும் விளக்கு வரப்புக்கு உதவாது. சார்ஜ் செய்வதிலும் குறை உண்டு. ‘டைப் சி’ என்று எழுதியிருந்தாலும் இரு முனையும் சி வகையான கம்பியைச் செருகினால் சார்ஜ் ஏறவே ஏறாது. மின்சாரம் தேவை என்று சார்ஜருக்கு உணர்த்த, சார்ஜ் துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

புகார் செய்தபோது விற்பனையாளர் அனுப்பிய முதல் பதில்: “விளக்கு எரிகிறதா? எரிகிறது என்றால் பழுது இல்லை.” எடையையும் அளவுகளையும் படத்தோடு அனுப்பிய பிறகு, பணம் திரும்பாது, மாற்றித் தருவது மட்டுமே விதி என்றார்கள். மாற்றாக வந்ததும் அதே 31 கிராம் செல்தான். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாகச் செயலி அறிவித்தது. அதே படத்தோடு அந்தப் பொருள் இப்போது வேறு பெயரில், 5,000 லூமன் என்று விலை கூட்டி விற்கப்படுகிறது.

விற்பனையாளரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு இணைய அங்காடியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஒப்புகை வந்தது, தீர்வு வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகே பணம் திரும்பியது. அதுவும் வராமல் போயிருந்தால் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

இதே இரண்டு வகைகளுக்கிடையே நீங்களும் தயங்கிக்கொண்டிருந்தால், அட்டையில் ‘எஃப்எல் 1’ என்ற, டார்ச் லைட்டுகளை அளக்கும் முறைக்கான தரக்குறியீடு உண்டா என்று முதலில் பாருங்கள். அந்த முறையில் லூமனை விளக்கு எரியத் தொடங்கி 30 நொடிக்குப் பிறகே அளக்கிறார்கள். வெளிச்சம் அப்போது இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரமே எரியும் நேரம். அதை அறிந்தால், “எட்டு மணி நேரம்” என்று எழுதியிருப்பதன் பெரும்பகுதி மங்கலான வெளிச்சமாகவே இருக்கலாம் என்பதும் விளங்கும். குறியீட்டை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால், அதன் கீழே ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே லூமனும் நேரமும் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்; போலிகள் அந்த அளவுக்கு மெனக்கெடுவதில்லை. செல்லின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பதிவு எண் இருந்தால் அதன் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். என்னிடம் வந்த செல்லில் எண்ணே இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து, அன்றே செல்லை எடை போட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு அதற்குப் போதும்.

நான் இப்போது அந்த விரல் நீள விளக்கையே வாங்கி வைத்திருக்கிறேன். லித்தியம் செல் தீர்ந்துவிட்டால் பெட்டிக்கடையில் கிடைக்கும் ‘ஏஏ’ பேட்டரியைப் போட்டு, வெளிச்சம் குறைந்தாலும் வீடு வந்து சேர முடிகிறது. போலிச் செல்களை வீட்டுக் குப்பையில் போட வேண்டாம், நசுங்கினால் தீப்பிடிக்கும். இரு முனைகளையும் டேப் ஒட்டி மூடி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.