ஊட்டியில் கிராபிக்ஸ் கார்டு சரிசெய்த அனுபவம்

குன்னூர் வீட்டில் என் ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் பிளாக் (தண்ணீர் ஓடி சூட்டைத் தணிக்கும் உலோகப் பாகம்) மாட்ட, பழைய கூலரைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி பின்பக்கத்தில் கீறிவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் சரியாகத் தூக்கமே இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் "போர்டு போச்சு" என்று ஒரே பார்வையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு சின்ன ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் முதலில் மல்டிமீட்டரால் ஒவ்வொரு பவர் லைனிலும் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு மைக்ரோஸ்கோப்பை என் பக்கம் திருப்பி "நீங்களே பாருங்க தம்பி" என்றார். எள்ளைவிடச் சின்னதாக ஒரு கெபாசிட்டர் பெயர்ந்து, அது உட்கார்ந்திருந்த செம்புத் தடமும் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. செத்துப்போன வேறொரு கார்டிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து, முடி போன்ற கம்பியால் தடத்தை இணைத்து ஒட்டினார்.

நான் வாங்கிய தெர்மல் பேட் (சிப்களின் சூட்டை பிளாக்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டை) தடிமன் அதிகம், அதனால் வாட்டர் பிளாக் கோரில், அதாவது கார்டின் முக்கிய சிப்பில், சரியாக உட்காராது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

நான்கு நாள், 1,800 ரூபாய். போன் எடுப்பதே அபூர்வம், நேரில்தான் போக வேண்டும். வாரன்டி 30 நாள்தான். ஆனாலும் வேறு எங்கும் கொடுக்க மாட்டேன், இப்போது மூன்று மாதமாக கார்டு நன்றாக ஓடுகிறது.