எஃப்.ஆர்.சி.ஆர்., எஸ்.சி.இ., எஸ்மோ: புற்றுநோய் மருத்துவருக்கு எந்தத் தேர்வு?

புற்றுநோய்த் துறையில் எம்.டி. அல்லது அதற்கு மேற்பட்ட உயர்சிறப்புப் பட்டமான டி.எம். படித்த இந்திய மருத்துவர்கள் வெளிநாட்டுத் தேர்வு ஒன்றையும் எழுத எண்ணும்போது, லண்டன் ராயல் கதிரியலாளர் கல்லூரியின் எஃப்.ஆர்.சி.ஆர்., பிரிட்டிஷ் ராயல் மருத்துவர் கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்தும் எஸ்.சி.இ., ஐரோப்பிய மெடிக்கல் ஆன்காலஜிச் சங்கமான எஸ்மோவின் தேர்வு ஆகிய மூன்றும் முன்னால் வந்து நிற்கின்றன. அமெரிக்க வாரியத் தேர்வு பொதுவாக அங்கேயே பயிற்சி பெற்றவர்களுக்கானது என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பிரிட்டனில் கிளினிக்கல் ஆன்காலஜி மருத்துவர் கதிர்வீச்சு, கீமோ இரண்டையும் கையாள்கிறார். மெடிக்கல் ஆன்காலஜி மருத்துவர் மருந்து சிகிச்சையோடு நிற்கிறார். எஃப்.ஆர்.சி.ஆர். முதல் வகையினருக்கானது. நம் ஊரில் பல இடங்களில் ரேடியேஷன் ஆன்காலஜி எம்.டி. படித்தவரே கீமோவும் கொடுப்பதால் அவருக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. முதல் கட்டத்தில் புற்றுநோய் உயிரியலும் கதிர் உயிரியலும் சேர்ந்த ஒரு தாள், மருந்தியல், புள்ளியியல், இயற்பியல் என நான்கு பாடங்கள் உண்டு. இறுதிக் கட்டத்துக்குத் துறைப் பயிற்சியும் வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகே நேர்முகச் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியும். நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வீதம் 30 தவணைகளில் 60 கிரே கொடுத்தால், தவணை அளவுக்குத் திசு காட்டும் உணர்திறனைக் குறிக்கும் ஆல்பா-பீட்டா விகிதம் 10 உள்ள கட்டிக்கு அதன் உயிரியல் விளைவு 72 கிரே என்று சட்டென்று கணக்கிடத் தெரியாதவருக்கு, விண்ணப்பிக்கும் தகுதி இருந்தும் பயனில்லை.

மெடிக்கல் ஆன்காலஜிக்கான எஸ்.சி.இ. இதற்கு நேர்மாறானது. நுழைவு நிபந்தனை என்று எதுவும் இல்லை, பொது மருத்துவத்துக்கான பிரிட்டிஷ் தேர்வான எம்.ஆர்.சி.பி. கூட முன்தேவை அன்று. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில், இரண்டு தாள்களில் 200 கேள்விகள். கதவு திறந்திருக்கிறதே என்று பொது மருத்துவ எம்.டி. மட்டும் முடித்தவர்கள் பணத்தைக் கட்டிவிடுவதுதான் சிக்கல். பிரிட்டனில் உயர் பயிற்சியின் இறுதிக்கு முந்தைய ஆண்டில் எழுதப்படும் தேர்வு இது. இம்யூனோதெரபியால் வந்த பெருங்குடல் அழற்சிக்கு மருந்தை எப்போது நிறுத்துவது, ஸ்டீராய்டை எப்போது தொடங்குவது போன்றவற்றை வார்டில் நின்று முடிவு செய்து பழகியவருக்கே அது வசப்படும். மேலும், பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சில் வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு இல்லாமல் பதிவு வழங்க எஃப்.ஆர்.சி.ஆர்., எம்.ஆர்.சி.பி. இரண்டையும் ஏற்கிறது, எம்.ஆர்.சி.பி.யின் இடத்தில் எஸ்.சி.இ.யை வைத்துப் பார்க்கக் கூடாது. பதிவுக்கு ஆங்கிலத் தேர்ச்சி தனியாக வேண்டும்: ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7. பதிவு கிடைத்தாலும் நிபுணர் பட்டியலில் பெயர் ஏறிவிடாது. அங்கே பயிற்சி பெறாதவர் அதற்கு, முன்பு சீசர் எனப்பட்டு 2023 நவம்பரில் மாற்றப்பட்ட போர்ட்ஃபோலியோ வழியில் தனியே ஆவணங்களைத் திரட்டித் தர வேண்டும்.

எஸ்மோ தேர்வு 1989 முதல் நடக்கிறது. மெடிக்கல் ஆன்காலஜி மருத்துவர்களையும் அத்துறையில் பயிற்சி பெறுவோரையும் மனத்தில் கொண்டது. சுவிட்சர்லாந்து அதைத் தன் நிபுணர் தேர்வின் பகுதியாகவே ஏற்றிருக்கிறது. பிரிட்டனில் வேலை தேடுபவருக்கு அது சுயவிவரத்தில் ஒரு வரி, அவ்வளவே. 1984இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தொடங்கிய டி.எம். மரபில் படித்து இங்கேயே பணிபுரிய விரும்புபவர் தம் அறிவைச் சோதித்துக்கொள்ள எஸ்மோவே போதும் என்பது என் கருத்து. ரேடியேஷன் ஆன்காலஜி எம்.டி. மாணவர், பாடத்திட்டத்துக்காகப் படித்த இயற்பியலும் கதிர் உயிரியலும் மறப்பதற்குள், விதிகள் இடம் தரும் முதல் வாய்ப்பிலேயே எஃப்.ஆர்.சி.ஆர். முதல் கட்டத்தை எழுதிவிடுவது நல்லது.