ஜிம் பீமா, எவன் வில்லியம்ஸா? திருகோணமலை வெக்கையில் இரண்டு பர்பன்

கனடாவிலிருந்து வந்த மச்சான் இந்த முறை இரண்டு போத்தல் கொண்டுவந்தார். ஒன்று வெள்ளை லேபிள் ஜிம் பீம், மற்றது கறுப்பு லேபிள் எவன் வில்லியம்ஸ். இரண்டுமே பர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி, கென்டக்கி மாநிலத்துச் சரக்கு. அமெரிக்காவில் சாதாரண ஆட்கள் வேலை முடிந்து வந்து ஊற்றிக்கொள்ளும் மலிவு ரகம். இங்கே வரியோடு வந்து சேரும்போது மலிவு என்று சொல்ல வாய் வராது. அதனால்தான் எதைக் கொண்டுவரச் சொல்வது என்பதை ஒழுங்காகப் பார்த்துவிட நினைத்தேன். உப்புவெளியில் வீட்டு முற்றத்தில், மூன்று மாலை.

பர்பன் என்றால் குறைந்தது 51 சதவீதம் சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. எங்கள் தென்னஞ்சாராயம் ஊறுவது ஹல்மில்ல மரத்தில். நாங்கள் சாவண்டலை என்கிற அதே மரம். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே திருகோணமலை மரம். அந்தச் சாராயத்தில் பழகிய நாக்குக்கு பர்பனின் வனிலா முதலில் திகட்டும். ஓக்கைக் கருக்கும்போது மரத்தின் லிக்னின் உடைந்து வருகிற வாசனை அது. இரண்டாவது வாயில் பழகிவிடும்.

முதல் மாலை தண்ணீர் சேர்க்காமல் குடித்தோம். இங்கே கவனிக்க ஒன்று உண்டு. முப்பது பாகை வெக்கையில் ஊற்றியவுடன் மூக்கை வைத்தால் ஸ்பிரிட் நெடிதான் ஏறும். போத்தலைக் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து, கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். அப்படி விட்ட பிறகு ஜிம் பீமில் வறுத்த கச்சான் வாசனை தெளிவாக வந்தது, டச்சு பே கடற்கரையில் சுடச்சுட வாங்குகிற சுருளை அவிழ்த்த மாதிரி. வாயில் மெலிசு, சோள இனிப்பு, சட்டென்று முடிந்துவிடும். எவன் வில்லியம்ஸ் கனம் கூட. தொதல் கிண்டும்போது தாச்சியின் அடியில் லேசாகப் பிடித்துக்கொள்ளுமே, அந்தக் கருகிய இனிப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகுக் காரம் கொஞ்ச நேரம் நிற்கும்.

சரி, ஆனால் இந்த ஊரில் யார் ஐஸ் இல்லாமல் குடிக்கிறார்கள்? உண்மையான போட்டி இரண்டாவது மாலைதான். ஜிம் பீம் 40 சதவீதம், எவன் வில்லியம்ஸ் 43. ஐம்பது மில்லி ஊற்றி, ஐஸ் உருகி முப்பது மில்லி தண்ணீர் கலந்தால் முதலாவது 25 சதவீதத்துக்கு இறங்கும், மற்றது 27க்குக் கிட்ட நிற்கும். கணக்கில் சின்ன வித்தியாசம், வாயில் அப்படியில்லை. கால் மணித்தியாலத்தில் ஜிம் பீம் இனிப்புத் தண்ணீராகிவிட்டது. எவன் வில்லியம்ஸில் தொதல் அப்போதும் இருந்தது. பக்கத்தில் இருந்த மாமா அதுவரை, "எங்கட சாராயம் இருக்கேக்க இதென்னத்துக்குத் தம்பி" என்றபடி இருந்தவர், இந்தக் கிளாஸை மட்டும் திரும்ப நீட்டினார்.

மூன்றாவது மாலை சோடா. அதில் முடிவு தலைகீழ். எவன் வில்லியம்ஸின் காரம் சோடாவோடு சேர்ந்து கசப்புத் தட்டுகிறது. ஜிம் பீம் தேசிக்காய் ஒரு துளி பிழிந்தால் போதும், லேசாக, சுத்தமாக இறங்குகிறது. பொரித்த கணவாய்க்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. கோலா ஊற்றினால் இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் தேட வேண்டாம்.

மேக்கர்ஸ் மார்க் என்கிற இன்னொரு பர்பனை ஏன் சேர்க்கவில்லை என்று மச்சான் கேட்டார். அதில் ரை தானியத்துக்குப் பதில் கோதுமை, அருமையான சரக்கு. ஆனால் விலை ஒரு படி மேலே, இந்த வரிசையில் வராது.

ஒரே போத்தல்தான் கொண்டுவர முடியும் என்றால் எனக்கு எவன் வில்லியம்ஸ். ஐஸோடு மெதுவாகக் குடிக்கிறவன் நான். விருந்தாளிகளுக்குச் சோடா கலந்து கொடுப்பவர்கள் ஜிம் பீமை வாங்கட்டும். எங்கள் போத்தலில் அது இன்னும் கால்வாசி இருக்கிறது. போயா கழிந்த மறுநாள் மாமா கணவாய் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.