லென்ஸ் அடாப்டர் செய்யக் கொடுக்கிறீர்களா? மீதிப் பணம் தருமுன் தூரத்தில் ஃபோகஸ் பாருங்கள்

பழைய லென்ஸை வீடியோ கேமராவில் மாட்ட அடாப்டர் (இரண்டுக்கும் நடுவில் வரும் இணைப்பு வளையம்) கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அடாப்டரைக் கேமராவில் மாட்டி, அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துவாரத்தை) முழுசாகத் திறந்து, நூறு மீட்டருக்காவது அப்பால் இருக்கும் ஒரு பொருளை ஃபோகஸ் செய்து பாருங்கள். கடைக்குள்ளேயே காட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு மாடி அறையில் இந்த வேலை செய்பவரிடம் நான் 6,500 ரூபாயை இழந்திருக்கிறேன். நல்ல லென்ஸ் ஒன்றின் மரையும் போயிற்று. குறும்படம் எடுக்கும் பசங்க பலர் இன்னும் அவரிடம் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது சோனி இ மவுண்ட் வீடியோ கேமரா (மவுண்ட் என்பது லென்ஸ் மாட்டும் வாய்). லென்ஸ் ஹீலியோஸ் 44-2, சோவியத் காலத்து 58 மி.மீ., எம்42 என்ற திருகு மரை. இதற்கான ரெடிமேட் வளையங்கள் ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கும். ஆனால் ஃபாலோ ஃபோகஸ் (ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் பல்சக்கரக் கருவி) போட்டு இழுக்கும்போது அவற்றில் பல லேசாக ஆடுகின்றன, ஃப்ரேம் பக்கவாட்டில் துள்ளுகிறது. எனக்குத் தேவைப்பட்டது ஆட்டமில்லாத ஒன்று, கேமராவுக்குக் கீழே வரும் 15 மி.மீ. தாங்கு ராடில் உட்கார ஒரு காலோடு. "பண்ணிடலாம் தம்பி, எத்தனையோ பேருக்குப் பண்ணியிருக்கேன்" என்றார் அந்த மாடி அறைக்காரர். அட்வான்ஸ் 4,000.

முதலில் செய்து தந்ததில் லென்ஸ் ஒரு சுற்று உள்ளே போனதும் இறுகி நின்றது. புது மரை அப்படித்தான் டைட்டாக இருக்கும் என்று சொல்லி, அவரே வாங்கி அழுத்தித் திருகினார். எம்42 லென்ஸின் மரை 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு மரைகளின் இடைவெளி). டெலஸ்கோப்பில் கேமரா மாட்டுகிறவர்கள் பயன்படுத்தும் டி-மரையும் அதே 42 மி.மீ.தான், ஆனால் பிட்ச் 0.75. அவர் வெட்டியிருந்தது இந்த இரண்டாவது மரை. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். மரை கேஜை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். லேத் வேலை செய்கிறவரிடம் அது இல்லாமல் இருக்காது. என் லென்ஸின் பின்பக்க மரை நசுங்கியதுதான் மிச்சம். "சாரி தம்பி, வேற போட்டுத் தரேன்" என்றார். சரி, தவறு யாருக்கும் நடக்கும், இதோடு விட்டிருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்து வந்ததில்தான் தெரிந்தே ஏமாற்றினார். அவரே மாட்டி, அவரே கேமராவைப் பிடித்துக்கொண்டு காட்டினார். சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி எண்கள் பளிச்சென்று இருந்தன. ஜன்னல் வழியே எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைக் காட்டினார், அதுவும் தெளிவு. மீதி 2,500 ரூபாயை அங்கேயே வாங்கிக்கொண்டார். ஷூட் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில். விடிகாலையில் படகுகள் கரை திரும்பும் வைட் ஷாட். ஃபோகஸ் வளையம் கடைசிவரை போய் நின்றுவிட்டது, ஒரு படகுகூடத் தெளியவில்லை. நடிகர் கேமரா அருகே வந்து நின்றால் மட்டும் முகம் கூர்மையாக இருந்தது. அந்தக் காலை வெளிச்சமும் வண்டி வாடகையும் வீண்.

காரணம் சின்னக் கழித்தல் கணக்கு. எம்42 லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் வரை 45.46 மி.மீ. இருக்க வேண்டும். சோனி இ மவுண்டில் கேமராவே 18 மி.மீ. எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 27.46, அதுதான் அடாப்டரின் தடிமன். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், 28.1 இருந்தது. அரை மில்லிமீட்டர் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் 58 மி.மீ. லென்ஸ் அவ்வளவு முன்னால் தள்ளி நின்றால், ஃபோகஸை இன்ஃபினிட்டியில், அதாவது மிகத் தொலைவுக்கான இடத்தில், வைத்தாலும் ஏறக்குறைய ஐந்து மீட்டரில்தான் படம் கூர்மையாகும், அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். 28 மி.மீ. வைட் லென்ஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம், ஒன்றேகால் மீட்டரோடு சரி.

அறைக்குள் காலண்டர் தெளிவாகத் தெரிந்தது இதனால்தான். பெயர்ப்பலகை எப்படித் தெளிந்தது? கேமரா திரும்பக் கைக்கு வந்தபோது லென்ஸ் எஃப் 16-இல், அதாவது மிகச் சின்னத் துவாரத்தில், இருந்தது, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏகத்துக்கும் ஏற்றப்பட்டிருந்தது. அப்பர்ச்சரை அவ்வளவு மூடினால் மங்கல் சுருங்கிவிடும், கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே கூர்மைபோலத் தெரியும். எஃப் 2-இல் திறந்தால் அந்த மங்கல் எட்டு மடங்கு. இதைத் தெரியாமல் ஒருவர் செய்ய முடியாது. அடாப்டர் தடிமனாகிவிட்டது என்று தெரிந்துதான் மூடி வைத்துக் காட்டியிருக்கிறார்.

திரும்பப் போய்க் கேட்டேன். "லென்ஸ் பழசு தம்பி, உள்ள கிளாஸ் நகர்ந்திருக்கும்" என்றார். வெர்னியரைக் காட்டியதும் பேச்சு மாறியது. இன்னும் 3,000 கொடுத்தால் ஸ்பீடு பூஸ்டர் கிளாஸ் போட்டுத் தருவாராம், இன்ஃபினிட்டியும் வருமாம், வெளிச்சமும் கூடுமாம். இந்த வார்த்தையை யார் சொன்னாலும் உஷாராகுங்கள். மெட்டபோன்ஸ் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த ஸ்பீடு பூஸ்டர் பிம்பத்தை 0.71 மடங்காகச் சுருக்குவது. அதனால்தான் ஃப்ரேம் அகலமாகிறது, ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடுகிறது, அதாவது இரண்டு மடங்காகிறது. தடிமனான அடாப்டரில் இன்ஃபினிட்டியை வரவழைக்கப் போடும் கண்ணாடி இதற்கு நேர்மாறு. அது பிம்பத்தைப் பின்னால் தள்ளிப் பெரிதாக்கும், ஃப்ரேம் குறுகும், வெளிச்சமும் குறையும், ஓரங்களும் குழையும். அவர் போட்டுக் காட்டியபோது ஃப்ரேம் குறுகியதை நேரில் பார்த்தேன். நான் பணம் தரவில்லை. முன்பு கொடுத்த பணத்தையும் அவர் திருப்பித் தரவில்லை.

நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அந்த மவுண்டிலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ., எம்42-ஐவிட நீளம். அடாப்டரின் நடுவில் மேலே சொன்ன கண்ணாடி இல்லாமல் இன்ஃபினிட்டி வரவே வராது, எவ்வளவு திறமையாகக் கடைந்தாலும் சரி. கேனான் இ.எஃப். 44 மி.மீ. என்பதால் அதில் மெல்லிய வளையமே போதும்.

கையால் அடாப்டர் செய்வதே ஏமாற்று வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஒரு பெயர் வந்துவிடுமோ என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது. 2008-இல் பெரிய சென்சாரில் வீடியோ எடுக்கும் கேனான் 5டி மார்க் 2 வருவதற்கு முன், சின்ன சென்சார் கேம்கார்டரில் சினிமா மாதிரி பின்னணி மங்க வேண்டும் என்றால் தேய்த்த கண்ணாடியில் பிம்பத்தை விழவைத்து அதைத்தான் படம்பிடிக்க வேண்டும். கண்ணாடியின் குருணை தெரியாமலிருக்க அதைச் சுழலவோ அதிரவோ வைப்பார்கள். செல்போன் வைப்ரேட்டர் மோட்டாரை ஒட்டி வீட்டிலேயே அதைச் செய்து படம் எடுத்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட உழைப்பின் பெயரைச் சொல்லித்தான் இவர் காசு பார்க்கிறார். என் அடாப்டரைக் கடைசியில் சரிசெய்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்காரர். கேமரா பக்கமே போகாதவர். "எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்று மைக்ரோமீட்டரை எடுத்தார். வேண்டிய அளவைவிட ஒரு மயிரிழை குறைவாகக் கடைந்து, மெல்லிய பித்தளைத் தகடு வைத்து ஈடுகட்டினார். கொஞ்சம் குறைந்தால் தகடு வைக்கலாம், கூடிவிட்டால் மறுபடி லேத்தில்தான் ஏற்ற வேண்டும் என்பது அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. உள்பக்கத்தில் மேட் கறுப்பு அடிக்கச் சொன்னதும் அவர்தான். வெறும் அலுமினியம் உள்ளே ஒளியைத் தெறித்துப் படத்தை வெளுக்க வைக்கும். கடைசல் தூளை நன்றாகத் துடைக்காமல் கேமராவில் மாட்டாதீர்கள், சென்சாரில் விழும்.

முதலாமவர் பில் தரவில்லை. பணத்தையும் வேறொருவர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார். ஆனால் வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன விவரம், வெர்னியரில் 28.1 காட்டும் படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. ரிச்சி தெரு மாடி அறையில் எம்42 அடாப்டர் செய்யக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், அதன் தடிமனை வெர்னியரோடு படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் சம்மதத்தோடு என் புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.