குரோமோலி மவுண்டன் பைக்: புதுப்பித்து நெடுநாள் ஓட்டினால் எது நிற்கும், எது நிற்காது

ஓவராயில் முடிந்த முதல் வாரத்தில் எல்லாச் சைக்கிளும் நன்றாகத்தான் ஓடும். இரண்டு மூன்று மழைக்காலம் போனபிறகு எப்படி ஓடுகிறது என்பதே இங்கே பேச்சு. எடுத்துக்கொள்வது 1988-இலிருந்து 1994 வரை வந்த, சஸ்பென்ஷன் இல்லாத, 26 அங்குலச் சக்கரமுள்ள குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) சைக்கிள்கள்: ஸ்பெஷலைஸ்டு ராக்ஹாப்பர், ஸ்டம்ப்ஜம்பர், டிரெக் 930, 950, பிரிட்ஜ்ஸ்டோன் எம்.பி. வரிசை போன்றவை. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கி ஓட்டியவர்கள் தொடங்கிய வடிவம் இது. 1981-இல் ஸ்டம்ப்ஜம்பராகக் கடைக்கு வந்து, அடுத்த பத்தாண்டில் முதிர்ந்தது. பிறகு சஸ்பென்ஷன் வந்து எல்லா அளவையும் மாற்றிவிட்டது. அந்த அளவு மாற்றத்தைக் கவனிக்காமல் செய்யும் மாற்றங்கள்தான் பெரும்பாலும் பின்னாளில் தொல்லை தருகின்றன.

வாங்கும்போது பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கீறல் ஒன்றும் செய்யாது. பெயிண்ட் கொப்பளித்திருந்தால்தான் உள்ளே துரு. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பாகம்) கூட்டின் அடி, அங்கிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாயான செயின்ஸ்டேயின் அடி, சீட்டைத் தாங்கும் சீட் டியூபின் கீழ்முனை ஆகிய மூன்றையும் கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். டொராண்டோ போல் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊரில் ஓடிய சைக்கிள் என்றால் இந்தச் சோதனையை விடவே கூடாது. பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன்னே ஏறும் டவுன் டியூப், ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபோடு சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில் குறுக்குவாக்கில் சுருக்கமோ மேடோ தெரிந்தால், எங்கேயோ நேராக மோதியிருக்கிறது. அந்த ஃபிரேமை விட்டுவிடலாம்.

1986 முதல் 1988 வரையிலான சில மாடல்களில் பின் பிரேக் செயின்ஸ்டேக்கு அடியில், யு-பிரேக்காக இருக்கும். சேறு முழுக்க அங்கேதான் சேரும். அதன் பொருத்துமுனை ரிம்முக்கு மேலே இருப்பதால், ரிம்முக்குக் கீழே முனை கேட்கும் வி-பிரேக்கோ (நீண்ட கைகளைக் கேபிள் பக்கவாட்டில் இழுப்பது) கேன்டிலீவரோ (இரு கைகளையும் குறுக்குக் கேபிள் இணைப்பது) அதில் உட்காராது. மாற்றங்கள் செய்யும் எண்ணம் இருந்தால் அதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது சிக்கிய சீட் போஸ்ட். ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினியப் போஸ்ட் கிரீஸ் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தால், இரண்டு உலோகத்துக்கும் இடையே அரிப்பு ஏற்பட்டு அலுமினிய ஆக்சைடு பருத்து ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடும். ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, பாட்டம் பிராக்கெட் வழியே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் விடுங்கள். பிறகு போஸ்ட்டின் தலையைப் பெஞ்ச் வைஸில் இறுக்கி, ஃபிரேமையே நெம்புகோலாக்கிச் சிறிது சிறிதாக இருபக்கமும் திருப்ப வேண்டும். சூடு காட்டுவது இங்கே எதிர்வேலை செய்யும். ஸ்டீலைவிட அலுமினியம் அதிகம் விரியும் என்பதால் பிடி இன்னும் இறுகும். குளிர்வித்தால் பலன் உண்டு. எதற்கும் மசியாவிட்டால் போஸ்ட்டை வெட்டி, உள்ளிருந்து ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்து மடக்கி எடுக்கலாம். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தைக் கரைத்து ஸ்டீலை விட்டுவைக்கும். ஆனால் பெயிண்ட் போய்விடும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பெயிண்டை எப்படியும் உரிக்கப்போகிறவர்கள் மட்டும், திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டு முயலலாம்.

புதுப் போஸ்ட் வாங்கும்முன் பழையதைக் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். 26.4, 26.8, 27.0, 27.2 மி.மீ. என்று பல அளவுகள் அன்று இருந்தன. 0.2 மி.மீ. குறைந்தாலே கிளாம்ப் காது ஒன்றையொன்று தொடும் அளவுக்கு இறுக்க வேண்டிவரும். அப்போதும் போஸ்ட் இறங்கிக்கொண்டே இருக்கும்.

துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம், ஓர் இரவு ஊறல். எடுத்ததும் சமையல் சோடா கரைசலில் கழுவி உடனே உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சள் படிவு வரும். இது விஷம், வெறும் கையால் தொடக்கூடாது. அலுமினியப் பாகங்களை இதில் போட வேண்டாம். உலர்ந்த குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்து, பாட்டம் பிராக்கெட் அடியில் நீர் வடியும் துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் உள்துரு கிட்டே வராது. பழைய பெயிண்டும் ஸ்டிக்கரும் சுமாராக இருந்தாலே அப்படியே வைத்து மெழுகு பூசிவிடுங்கள். மறு பெயிண்ட் அடித்த ஃபிரேம் விலையும் குறையும், களையும் குறையும்.

பேரிங் வேலை நம் ஊர் சைக்கிள் கடையில் கோன் கழற்றிப் பால்ஸ் மாற்றுவது மாதிரியேதான். முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குலத்தில் 10, பின் ஹப்பில் பக்கத்துக்குக் கால் அங்குலத்தில் 9. பழைய பால்ஸைத் திரும்பப் போடாதீர்கள், அந்தச் செலவு ஒன்றுமேயில்லை. கோனில் குழி விழுந்திருந்தால் கோனை மாற்றலாம். ஹப்பின் கப்பில் குழி என்றால் ஹப்பே போயிற்று. குவிக் ரிலீஸ் ஹப்பில் பலர் கோட்டைவிடுவது கடைசி டைட்டில். குவிக் ரிலீஸை அழுத்தும்போது ஆக்சில் கொஞ்சம் அமுங்கும். எனவே சக்கரம் வெளியே இருக்கும்போது துளி ஆட்டம் இருக்கட்டும், ஃபிரேமில் பூட்டியதும் அது மறைய வேண்டும். வெளியிலேயே ஆட்டமில்லாமல் டைட் வைத்தால் சில மாதங்களில் கோன் குழி விழும்.

பாட்டம் பிராக்கெட்டுக்குச் சதுரமுனை சீல்டு கார்ட்ரிட்ஜ் போட்டுவிடுங்கள். மொத்த வேலையிலும் போட்ட காசுக்கு அதிகம் உழைத்தது இதுதான். சேறு, மழை எதிலும் தொட வேண்டியிருக்காது. கூடு 68 மி.மீ.யா 73 மி.மீ.யா என்று அளந்து, ஸ்பிண்டில் (அச்சு) நீளத்தைப் பழைய கிராங்குக்கு (பெடல் மாட்டும் கை) ஏற்ப எடுங்கள். செயின் பக்கத்துக் கப்புக்கு இடப்பக்க மரை (எதிர்த்திசையில் இறுகுவது) என்பதை மறந்தால் மரை கிழியும். கிராங்கைக் கழற்றும் கருவியான புல்லரை முழு ஆழத்துக்கு ஏற்றாமல் திருகுவது இன்னொரு வழக்கமான விபத்து. கிராங்கின் மரை உருவிக்கொண்டு வரும். போல்ட்டுக்குக் கீழே தனி வாஷர் இருந்தால் அதையும் எடுத்தபின்பே புல்லர். பூட்டும்போது 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். தளர்ந்த கிராங்கோடு ஒருநாள் முழுக்க மிதித்தால் அதன் சதுரத்துளை உருண்டுபோகும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

கியரில்தான் மனம் அதிகம் அலைபாயும். 90-களின் ரேபிட்ஃபயர் ஷிஃப்டரில் (விரலால் அழுத்தும் கியர் லீவர்) 'க்ளிக்' விழவில்லை என்றால் பெரும்பாலும் உடைசல் காரணமில்லை. உள்ளே கிரீஸ் காய்ந்து, பற்களைப் பிடிக்கும் கொக்கி ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்காமல், வெளியிலிருந்தே கரைப்பானை அடித்து லீவரைப் பலமுறை அழுத்தினால் உயிர் வரும். பிறகு மெல்லிய எண்ணெய்தான். கிரீஸ் வைத்தால் மறுபடியும் அதே கதை. தேய்ந்துபோன ஷிஃப்டர் என்றால் ஃபிரிக்‌ஷன் வசதியுள்ள (க்ளிக் இல்லாமல் எந்த இடத்திலும் நிற்கும்) தம்ப் ஷிஃப்டர் நல்ல மாற்று. செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டிரெய்லர் (derailleur) தொங்கும் ஹேங்கர் லேசாக வளைந்தாலும் ஓடும். 7, 8, 9 ஸ்பீடு என எந்தக் கேசட்டோடும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) ஒத்துப்போகும். ஷிமானோவின் அந்தக் காலத்து 7-ஸ்பீடு மவுண்டன் டிரெய்லர் பின்னாளைய 9-ஸ்பீடு ஷிஃப்டரோடும் சரியாக வேலை செய்யும். 10-ஸ்பீடு மவுண்டன் ஷிஃப்டரோடு செய்யாது. சன்டூர் டிரெய்லரில் கேபிள் கணக்கு வேறு, ஆகவே அதற்கு ஃபிரிக்‌ஷன் ஷிஃப்டரே கதி. 8 அல்லது 9 ஸ்பீடு ஹப்பில் 7-ஸ்பீடு கேசட் போட 4.5 மி.மீ. ஸ்பேசர் வேண்டும்.

முன்பக்கம் ஒற்றைச் செயின்ரிங் போடும் மோகத்துக்குக் கணக்கே பதில் சொல்லும். 26-36-46 மூன்று ரிங்கும் பின்னால் 28 பல்லும் இருந்தால் கடைசி கியர் 26/28, அதாவது 0.93. ஒற்றை 38-உம் பின்னால் 32-உம் போட்டால் 1.19. ஏற்றத்தில் இந்த வித்தியாசம் முழங்காலில் தெரியும். ஐந்து கை, 110 மி.மீ. போல்ட் வட்டமுள்ள பழைய கிராங்கில் 34 பல்லுக்குக் குறைந்த ரிங் கிடைப்பதும் அரிது. சமதளத்தில் வேலைக்குப் போய்வர ஒற்றை ரிங் சுத்தமாக, சத்தமில்லாமல் இருக்கும். மலை ஏறுகிறவர்கள் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் டிராப்அவுட்டுகளின் (சக்கர அச்சு உட்காரும் முனைகள்) இடைவெளி 130 மி.மீ. உள்ள ஃபிரேமில் 135 மி.மீ. ஹப் போட, பக்கத்துக்கு 2.5 மி.மீ. விரித்தால் போதும், குரோமோலி தாங்கும். அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்யவே கூடாது. விரித்தபின் ஹெட் டியூபிலிருந்து இரு டிராப்அவுட்டுக்கும் நூல் கட்டி, சீட் டியூபிலிருந்து நூல் வரை இருபக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் இருக்கட்டும்.

பிரேக்கில் லீவரும் பிரேக்கும் ஒரே இனமாக இருக்க வேண்டும். 1996 வாக்கில் வந்த வி-பிரேக் கேன்டிலீவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேபிளை இழுக்கக் கேட்கும். பழைய லீவரோடு அதைச் சேர்த்தால் லீவர் ஹேண்டில்பாரில் முட்டும்வரை வந்துவிடும். மாற்றிச் சேர்த்தால் லீவர் கல்லாக இருக்கும், சைக்கிள் நிற்காது. பழைய ஃபோர்க்கில் பிரேக் முனைகளின் இடைவெளி 80 மி.மீ.க்கு நிறையக் குறைந்திருந்தால் வி-பிரேக்கின் கைகள் மேலே வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். பிரேக் கட்டையின் வாஷர்களை இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். உண்மையில் நல்ல கட்டையும் புதுக் கேபிளும் போட்ட கேன்டிலீவரே பெரும்பாலோருக்குப் போதும். குறுக்குக் கேபிளைத் தாழ்த்தினால் பிடி கூடும், கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி குறையும். முன்பக்கம் ரிஃப்ளெக்டர் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டாம். மெயின் கேபிள் அறுந்தால் குறுக்குக் கேபிள் டயரில் விழுந்து சக்கரத்தைப் பூட்டாமல் தடுப்பது அதுதான். ரிம்மின் பிரேக் பட்டை உட்குழிந்திருந்தால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். குழி ஆழமென்றால் ரிம்மை மாற்றுங்கள்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் மாட்டுவதுதான் இந்த ஃபிரேம்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம். ஒரிஜினல் ஃபோர்க்கின் நீளம், ஆக்சிலிலிருந்து கிரவுன் வரை, 400 மி.மீ. சுமார். 100 மி.மீ. அமுங்கும் ஓட்டமுள்ள ஃபோர்க் 470-ஐத் தொடும். 20 மி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு டிகிரி என்று ஹெட் கோணம் சாயும். 71 டிகிரி 68-க்கு அருகே போய், மெதுவான ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். டவுன் டியூப் இணைப்பில் விழும் நெம்பு விசையும் கூடும். அக்காலத்து எலாஸ்டோமர் ஃபோர்க்கைத் தேடிப் போடுவதும் பயனில்லை. அந்த ரப்பர் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தாலும் பிசுபிசுத்துப்போகும்.

சொகுசு வேண்டுமென்றால் டயரில் செலவிடுங்கள். மெல்லிய பக்கச்சுவருள்ள 2.1 அங்குல டயர், 75 கிலோ எடைக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. செயின்ஸ்டேக்கும் டயருக்கும் இடையே பக்கத்துக்கு 5 மி.மீ.யாவது இருக்கட்டும், 2.3 பல ஃபிரேமில் சேற்றில் உரசும். பழைய ரிம்மில் டியூப்லெஸ் வேண்டாம், ஓரம் பிடித்து நிற்காது. 26 அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிய 650பி சக்கரம் மாற்ற நினைப்பவர்கள் பிரேக் கட்டை 12.5 மி.மீ. மேலேற இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல பிரேக்குகளில் இருக்காது.

ஹேண்டில்பாரை உயர்த்த, ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாய்க்குள் இறங்கும் பழைய குயில் ஸ்டெமுக்குப் பதிலாக அடாப்டர் போட்டுப் புதுவகை ஸ்டெம் மாட்டலாம். ஒரு அங்குல ஸ்டீரர் என்றால் 22.2 மி.மீ., 1-1/8 அங்குலம் என்றால் 25.4 மி.மீ. கிரீஸ் வைத்து, குறைந்தபட்சக் கோடு உள்ளே மறையும்வரை இறக்குங்கள். கிரீச்சிட ஆரம்பித்தால் அடாப்டரும் ஸ்டெமும் சேரும் இடத்தைத் துடைத்து மறுபடி பூட்டினால் பெரும்பாலும் அடங்கும். வருடத்துக்கு ஒருமுறை ஸ்டெமையும் சீட் போஸ்ட்டையும் உருவிக் கிரீஸ் மாற்றிப் போடுங்கள்.